காருக்கு அடியிலும் குனிந்து பாருங்கள்: போக்குவரத்துத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகம், தமிழ்நாடு போக்குவரத்துத் துறை.

ஐயா, அம்மா,

வணக்கம். சென்னையிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் 2008 ஆகஸ்டில் பதிவான பி.எம்.டபிள்யூ 325ஐ கார் ஒன்று இருக்கிறது. இந்த வண்டிகள் மேல் பிரியம் உள்ளவர்கள் இதை ‘இ90’ என்பார்கள். 2005 முதல் 2012 வரை வந்த 3 சீரிஸுக்கு நிறுவனம் உள்ளுக்குள் வைத்துக்கொண்ட பெயர் அது. சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பக்கத்தில், மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில், 2007 மார்ச்சில் பி.எம்.டபிள்யூ தொழிற்சாலை திறந்தது. 3 சீரிஸும் 5 சீரிஸும்தான் அங்கே முதலில் தயாரான வண்டிகள். பாகங்கள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்தன; நம் பிள்ளைகள் அவற்றைக் கோத்துக் காராக்கி வெளியே ஓட்டி வந்தார்கள். என் கார் அப்படிப் பிறந்தது. பெயர் ஜெர்மனிப் பெயர்தான், ஆனால் அது செங்கல்பட்டுப் பக்கத்துக் கார்.

2007-இல் வெளிவந்தவற்றுக்கு 2022-இல் 15 வயது முடிந்தது. அதற்கு அப்புறம் ஒவ்வொரு மாதமும் அந்த முதல் சென்னைக் கார்களில் சில 15-ஐத் தாண்டி, பதிவைப் புதுப்பிக்க உங்கள் அலுவலக வாசலில் வந்து நிற்கின்றன. என் காரும் 2023-இல் நின்றது. அன்று நடந்ததைச் சொல்லத்தான் இந்த மடலை எழுத ஆரம்பித்தேன்.

அதற்கு முன் ஒன்று. பி.எம்.டபிள்யூ என்றதும் பணக்கார வீட்டுக் காரியம் என்று மடலை மூடிவிட வேண்டாம். நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறவன். எட்டு வருடம் ஓடிய பிறகு, மூன்றாவது ஆளாக இந்தக் காரை வாங்கினேன். புது சின்னக் கார் ஒன்றின் விலையைவிடக் குறைவாகத்தான் கொடுத்தேன். விலை அவ்வளவு விழுந்ததற்குக் காரணம் இதைப் பராமரிக்க ஆகும் செலவு. அந்தச் செலவைத் தாங்க எங்களைப் போன்றவர்களுக்கு ஒரே வழிதான் உண்டு: நாங்களே கற்றுக்கொண்டு, நாங்களே ஸ்பேனரைப் பிடிக்க வேண்டும். கிண்டி தொழிற்பேட்டை ஓரத்தில் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன்தான் எனக்கு ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே எங்களைப் போல ஏழெட்டுப் பேர் கூடுவோம். ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் பல் மருத்துவர், இன்னொருவர் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

சரி, 2023 ஆகஸ்டுக்கு வருகிறேன்.

பதிவைப் புதுப்பிக்க, எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்காக வண்டியைக் காட்டப் போனேன். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. எந்த அதிகாரியையும் குறை சொல்ல நான் எழுதவில்லை. அவர் தனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதைச் செய்தார். முந்தைய மூன்று மாதமும் சனி, ஞாயிறு முழுக்க வண்டிக்கு அடியிலேயே கிடந்தேன். முன் சக்கரத்தைத் தாங்கும் கைகளின் புஷ், அதாவது அதிர்வைத் தாங்கும் ரப்பர் உருளை, நான்கும் புதிது. பிரேக் டிஸ்க், பேடு, பிரேக் ஆயில், பின்பக்க ஷாக் அப்சார்பர், எல்லாம் புதிது. பரீட்சைக்குப் போகும் பையன் மாதிரி, எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் சொல்லலாம் என்ற நம்பிக்கையோடு போய் நின்றேன். பில்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் கோத்து எடுத்துப் போயிருந்தேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். சேசிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார்கள். விளக்கைப் போடச் சொன்னார், ஹாரன் அடிக்கச் சொன்னார். அப்புறம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து சக்கரத்தைக் காட்டினார். “இது கம்பெனி வீல் இல்லையே. ஒரிஜினல் வீல் போட்டுட்டு நாளைக்கு வாங்க.”

அது கம்பெனி வீல்தான். இதே இ90-இன் வேறொரு வகையில் பி.எம்.டபிள்யூ நிறுவனமே பொருத்தி விற்ற 17 அங்குல அலாய். உள்பக்கம் அந்த முத்திரையும் எண்ணும் வார்ப்பிலேயே இருக்கின்றன. போல்ட் வட்டம் அதே 120 மில்லிமீட்டர், நடுத்துளை அதே 72.6, டயர் அளவு என் வண்டியில் இருந்த அதே 225/45. டிசைன் மட்டும் வேறு. என் பழைய வீல்களை நான் கழற்றியதற்கும் காரணம் உண்டு. இந்தக் கார் காற்று இறங்கினாலும் ஓடும் ரன்-ஃபிளாட் டயரோடு வந்தது. அதன் பக்கச் சுவர் கட்டைபோல் கெட்டி. ஜெர்மனியின் ஆட்டோபானுக்கு அது சரி; நம் ஊர்ப் பள்ளத்தில் இறங்கும்போது டயர் வாங்க வேண்டிய அடியை ரிம் வாங்கிக்கொள்ளும். என் நான்கு ரிம்மில் இரண்டில் விரிசல் விட்டு, முந்தைய உரிமையாளர் வெல்டிங் வைத்திருந்தார். வெல்டிங் வைத்த அலாயை நம்பி நெடுஞ்சாலையில் குழந்தைகளை ஏற்றிப் போக எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் நல்ல வீல் நான்கு தேடி வாங்கி, சாதாரண டயர் போட்டு ஓட்டினேன்.

இதைச் சொன்னேன், ஃபைலையும் நீட்டினேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. நாளைக்கு வாருங்கள் என்றார்.

வீட்டு மொட்டைமாடியில் கிடந்த பழைய வீல்களை இறக்கினேன். வெல்டிங் வைத்த இரண்டு ரிம்மையும் தண்ணீர் விட்டுக் கழுவி, பளபளவென்று துடைத்து மாட்டினேன். மறுநாள் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் உருட்டிக்கொண்டு போனேன். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. நல்ல சக்கரத்தைக் கழற்றிவிட்டு, விரிசல் ஒட்டிய சக்கரத்தைப் போட்டுக்கொண்டு போய், ‘சாலையில் ஓடத் தகுதியானது’ என்று அரசின் கையெழுத்தை வாங்கி வந்தேன். அந்த இரண்டு நாளிலும் வண்டிக்கு அடியில் ஒருவர்கூடக் குனியவில்லை. மூன்று மாதம் நான் உழைத்தது எல்லாம் அடியில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து சட்டத்தை எடுத்துப் படித்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கும் முரண் வரும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதன் விளக்கக் குறிப்பில், மாற்றம் என்றால் வண்டியின் அடிப்படை அம்சமே மாறும்படி அதன் கட்டமைப்பில் செய்யும் மாற்றம் என்று இருக்கிறது. என் புத்திக்கு இது நியாயமான வரிதான். ஆனால் ‘அடிப்படை அம்சம்’ எது என்று கீழே யாருக்கும் தெரியவில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் இந்தப் பிரிவைக் கண்டிப்பாக வாசித்துத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், விதிக்கு மாறாக வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று ஆனது. அதற்குப் பின் சாலையில் நிற்கும் காவலரிலிருந்து சோதனைத் திடலில் நிற்கும் இன்ஸ்பெக்டர் வரை, கண்ணுக்குத் தெரியும் எந்த மாற்றமும் குற்றம், கண்ணுக்குத் தெரியாத எதுவும் சரி என்ற பழக்கம் வந்துவிட்டது.

நாங்கள் என்ன செய்கிறோம் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ‘மாடிஃபிகேஷன்’ என்றதும் உங்கள் மனதில் வரும் படம் வேறாக இருக்கும். நள்ளிரவில் குண்டு வெடிப்பதுபோல் சைலன்சரை அலறவிடுவது, எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும் விளக்கு, ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தரையோடு உரசவிடுவது. இவற்றுக்கு நீங்கள் தண்டம் போட்டால் நான் உங்கள் பக்கம். வெட்டிய ஸ்பிரிங் பள்ளத்தில் இறங்கும்போது தன் இருக்கையைவிட்டு நழுவும். அப்புறம் வண்டி யார் பேச்சையும் கேட்காது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றி எறிகிறவர்களின் வண்டியைப் பிடித்துவையுங்கள் என்றே சொல்வேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அப்படி வந்த ஒரு தம்பியை, அதைத் திரும்ப மாட்டிவிட்டுத்தான் பட்டறைக்குள் வர வேண்டும் என்று அண்ணன் திருப்பி அனுப்பினார்.

எங்கள் வேலை வேறு. பழைய பி.எம்.டபிள்யூவைக் கொல்வது பெரும்பாலும் சூடும் எண்ணெய்க் கசிவும்தான். என் காரில் இருப்பது ‘என்52’ என்ற ஆறு சிலிண்டர் எஞ்சின், ஆறும் ஒரே வரிசையில். எடை குறைய வேண்டும் என்று அதன் பிளாக்கை மக்னீசியமும் அலுமினியமும் சேர்த்து வார்த்தார்கள். அதனால் அதில் சாதாரண இரும்பு போல்ட்டைப் போடக் கூடாது. போட்டால் இரும்பு தொடும் இடத்தில் மக்னீசியம் அரித்துப்போகும். அலுமினிய போல்ட்தான் போட வேண்டும், அதையும் ஒரே தடவைதான் பயன்படுத்தலாம். டார்க் ரெஞ்ச்சால் அளந்து இறுக்கி, அதற்கு மேல் இத்தனை டிகிரி என்று கோணம் பார்த்துத் திருப்ப வேண்டும். ஒரு பெட்டி போல்ட் வாங்கிவைத்துக்கொண்டுதான் எங்களில் எவரும் இந்த எஞ்சினில் கைவைப்போம்.

எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்ப் இதில் பெல்ட்டில் ஓடுவதில்லை, மின்சாரத்தில் ஓடுகிறது. பெரும்பாலும் ஒரு லட்சம் கிலோமீட்டரை ஒட்டி, எந்த அறிகுறியும் காட்டாமல் நிற்கும். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு, அடுத்த சில நிமிடத்தில் சிவப்பு. அதற்குமேல் ஓட்டினால் ஹெட் வளைந்து எஞ்சினே போய்விடும். அதனால் கெட்டுப் போகும் வரை காத்திருக்காமல் பம்பையும் தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து மாற்றிவிடுவோம். மாற்றியபின் உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றும் முறை ஒன்று இருக்கிறது, அதை முதல் தடவை பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் போட்டு, ஹீட்டரை உச்சத்திலும் காற்றாடியைக் குறைந்த வேகத்திலும் வைத்து, ஆக்சிலரேட்டரைப் பத்து விநாடி அமுக்கிப் பிடித்தால் போதும். எஞ்சின் அசையாமல் கிடக்க, பம்ப் மட்டும் தானாக முனகிக்கொண்டு ஏறத்தாழ 12 நிமிடம் ஓடிக் காற்றைத் தள்ளிவிட்டு நிற்கும். இதைத் தெரியாமல் பழைய வழக்கப்படி மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டுக் கெடுத்த கார்கள் எத்தனையோ.

எண்ணெய்க் கசிவில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். எண்ணெய் ஃபில்டர் கூட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு ரப்பர் கேஸ்கெட். விரலில் சுற்றிக்கொள்ளும் அளவு, சில நூறு ரூபாய்ப் பொருள். வருடக்கணக்கான சூட்டில் அது வெந்து கட்டியானால் எண்ணெய் கசிந்து நேரே கீழே ஓடும் பெல்ட்டின்மேல் சொட்டும். ஊறிய பெல்ட் ஒருநாள் பிய்ந்து, அதன் நூல் கிராங்க் சீலைத் தள்ளிக்கொண்டு எஞ்சினுக்குள்ளேயே புகுந்துவிடும். முடிந்தது கதை. இதை முன்கூட்டியே பார்த்துப் பிடிக்க ஒரு டார்ச்சும் இரண்டு நிமிடமும் போதும். எஃப்.சி. சோதனையில் அந்த இரண்டு நிமிடம் யாருக்கும் கிடைப்பதில்லை.

இனி, நாங்கள் உண்மையிலேயே ‘மாற்றும்’ இடம். முன்சக்கரக் கைகளில் வரும் புஷ்களில் ஒன்றுக்குள் திரவம் நிரப்பியிருக்கும், சொகுசுக்காக. நம் வேகத்தடைகளில் அது சீக்கிரமே கிழிந்து ஒழுகிவிடும். கிழிந்தால் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கும், கார் ஒரு பக்கம் இழுக்கும். இதே இ90 வரிசையின் வேகக் காரான எம்3-க்கு நிறுவனம் செய்த கைகள் என் காரிலும் அப்படியே பொருந்தும். அவற்றின் புஷ் கெட்டி. உலகம் முழுக்க இ90 வைத்திருப்பவர்கள் செய்கிற மாற்றம் இது. நானும் செய்தேன். நிறுவனம் தந்ததைவிட உறுதியான பாகம், அதே நிறுவனம் செய்தது, வளைவில் கார் முன்னைவிட நிதானமாக நிற்கிறது. இது பிரிவு 52-இன்படி குற்றமா, இல்லையா? மூன்று வழக்கறிஞர்களையும் இரண்டு அதிகாரிகளையும் கேட்டேன். ஐந்து பதில் கிடைத்தது.

இன்னொன்றையும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். 2023-இல் தொடங்கிப் படிப்படியாகப் பெட்ரோல் பங்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. என் கார் அதற்காக வடிவமைத்தது இல்லை. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து மென்மையாக்கும், ஈரத்தையும் இழுத்துவைத்துக்கொள்ளும். அதனால் எரிபொருள் குழாய்களையும் வாஷர்களையும் எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றியிருக்கிறேன். உற்பத்தியாளர் கொடுத்த அதே ரகம் இல்லை இது. அரசின் கொள்கைக்கு ஏற்ப என் காரை நான் மாற்ற வேண்டியிருக்கிறது. அப்படி மாற்றியதைப் பதிவு செய்துகொள்ள எனக்குத் தெரிந்தவரை ஒரு வழியும் இல்லை.

இந்தக் கார் எந்த நாட்டிலிருந்து வந்ததோ அந்த நாட்டில் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்று பாருங்கள். ஜெர்மனியில் காருக்கு வயது வரம்பு கிடையாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதனை உண்டு, அது கடுமையானது. வண்டியை லிஃப்டில் தூக்கி அடிப்பக்கத் துருவைத் தட்டிப் பார்ப்பார்கள், உருளைமேல் ஏற்றி ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் தனித்தனியாக அளப்பார்கள். மாற்றங்களுக்கும் அங்கே வழி இருக்கிறது. சில பாகங்கள் அரசின் ஒப்புதல் தாளோடே விற்கப்படுகின்றன. அந்தத் தாளைக் காரில் வைத்துக்கொண்டால் போதும். சில பாகங்களைப் பொருத்தியபின் சோதனைப் பொறியாளரிடம் காட்ட வேண்டும். அவர் பார்த்து, சரியென்றால் சான்று கொடுப்பார்; அதை வைத்துப் பதிவுச் சான்றில் ஏற்றிக்கொள்ளலாம். இந்த இரண்டிலும் அடங்காத மாற்றம் என்றால் அந்த ஒரு காரை மட்டும் தனியாகச் சோதித்து முடிவு சொல்வார். தேறாத மாற்றத்தோடு ஓட்டினால் அபராதம், சில சமயம் வண்டியே நிற்கும். அங்கே பழைய பி.எம்.டபிள்யூ ஒன்றை விற்பனைக்குப் போடுகிறவர்கள் ‘எல்லா மாற்றமும் சான்றில் ஏறியிருக்கிறது’ என்று பெருமையாக எழுதுவார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏக்கமாக இருக்கும். என் மாற்றங்கள் ஒரு ஃபைலில் தூங்குகின்றன.

30 வயது ஆகி, நல்ல நிலையில் இருக்கும் காருக்கு அங்கே ‘எச்’ என்று முடியும் தனி எண் பலகை 1997 முதல் கிடைக்கிறது. எஞ்சின் எவ்வளவு பெரிதானாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 192 யூரோ என்று ஒரே வரி. அந்தக் காலத்தில் வழக்கத்தில் இருந்த மாற்றங்களையும் ஏற்றுக்கொள்கிறார்கள். தினம் ஓட்டக் கூடாது என்ற கட்டுப்பாடும் இல்லை. 1982-இல் வெளிவந்த இ30, 1990-இல் வந்த இ36 என்று எங்கள் கூட்டம் கனவில் காணும் பழைய 3 சீரிஸ் கார்கள் அங்கே அந்தப் பலகையோடு கடைக்குப் போய் வருகின்றன.

நம் நாட்டில் 2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தீர்கள். அது வந்த நாள் நாங்கள் பட்டறையில் இனிப்பு வாங்கிச் சாப்பிட்டோம். அப்புறம்தான் முழுதாகப் படித்தோம். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஆய்வுக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் மட்டும்தான் சாலையில் இறக்கலாம். அதாவது, இந்தியாவில் ஓர் இ30-க்கு அந்தத் தகுதி கிடைக்க மிகச் சீக்கிரம் என்றாலும் 2032 ஆகும். இ36-க்கு 2040. என் காருக்கு 2058. அப்போது எனக்கு 90 வயது நடக்கும்.

15 வயதுக்கும் 50 வயதுக்கும் நடுவில் இருக்கும் கார்களைப் பற்றி உங்கள் விதிகளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கட்டணம். 2022 ஏப்ரலிலிருந்து 15 ஆண்டு ஆன காரின் பதிவைப் புதுப்பிக்க 5,000 ரூபாய்; இறக்குமதிக் கார் என்றால் 40,000. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு அதை 10,000 என்றும் 80,000 என்றும் உயர்த்தினீர்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. பசுமை வரி தனி. கட்டணம் கேட்பதை நான் தவறு என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் கூட்டத்தில் ஓய்வு பெற்ற கப்பல்காரர் வைத்திருப்பது 2004-இல் இறக்குமதியான ஓர் இ46, என் காருக்கு முந்தைய தலைமுறை 3 சீரிஸ். என் காரைவிட அதை அவர் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். அந்த வகைக் காரில் பின்பக்க சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் தரைத்தகடு விரிசல் விடும் என்பது உலகறிந்த குறை. வருவதற்கு முன்பே அதைத் திறந்து பார்த்துத் தகடு வைத்துப் பலப்படுத்தியிருக்கிறார். அவருக்கு 80,000. நான்கு டயரும் உள்பக்கம் கம்பி தெரியத் தேய்ந்து, பிரேக் ஆயிலே மாற்றாத ஓர் உள்நாட்டுக் காருக்கு 10,000. இந்த எட்டு மடங்கு வித்தியாசம் சாலையில் யாருடைய உயிரைக் காப்பாற்றுகிறது என்று எனக்குப் புரியவில்லை.

டெல்லியில் நடந்ததையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 10 ஆண்டு தாண்டிய டீசல், 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகள் டெல்லி வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜூலையில் அவற்றுக்கு எரிபொருளே தரக் கூடாது என்று ஆரம்பித்துச் சில நாளில் நிறுத்திவைத்தார்கள். காற்று அங்கே எப்படி இருக்கிறது என்று தெரியும். அந்த ஊர்க் குழந்தைகளின் நெஞ்சைவிட என் கார் பெரிதில்லை. ஆனால் பிறந்த தேதியை வைத்துக் கார்களை விரட்டியதில் என்ன ஆயிற்று? அங்கிருந்த பி.எம்.டபிள்யூக்கள் தடையின்மைச் சான்று வாங்கிக்கொண்டு லாரியில் ஏறித் தெற்கே வந்தன. எங்கள் பட்டறைக்கே அப்படி வந்த கார்கள் உண்டு. சில தங்கம்போல் இருந்தன. சிலவற்றில் டீசல் புகையை வடிகட்டும் பாகத்தையே உள்ளிருந்து குடைந்து எடுத்திருந்தார்கள். இரண்டுக்கும் அங்கே ஒரே தண்டனை, இங்கே ஒரே வரவேற்பு. எந்த இடத்திலும் யாரும் திறந்து பார்க்கவில்லை.

இதற்கு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகளை 2021-இல் நீங்களே எழுதினீர்கள். உருளைமேல் ஏற்றிப் பிரேக்கை அளக்கும் இயந்திரம், சஸ்பென்ஷன் சோதனை, முகப்பு விளக்கின் கோணம், சக்கரம் பக்கவாட்டில் இழுக்கிறதா என்ற சோதனை, புகை. மனிதரின் கண்ணைக் காட்டிலும் இயந்திரத்தின் எண்ணை நம்பும் ஏற்பாடு அது. நான் கேட்பது, 15 வயது தாண்டிய சொந்தக் கார் ஒவ்வொன்றும் அந்த உருளைமேல் ஏற வேண்டும் என்பதுதான். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை போதாது என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவரும் மறுக்க மாட்டார்கள், உள்ளபடியே சந்தோஷப்படுவார்கள். தேறாத காரை நிறுத்துங்கள். தேறிய காரின் பிறந்த தேதியைக் கேட்காதீர்கள்.

அதே நிலையத்தில் மாற்றங்களையும் பாருங்கள். ஒரு பொறியாளர், ஒரு பள்ளமோ லிஃப்டோ, ஒரு படிவம். என்ன பாகம், யார் செய்தது, என்ன அளவு, யார் பொருத்தினார் என்று உரிமையாளர் எழுதித்தரட்டும். அளந்து பார்த்துப் பிரேக்கும் திருப்பமும் முன்னைவிடக் கெடவில்லை என்றால் ஆர்.சி.யில் ஒரு வரி ஏற்றுங்கள். கெட்டிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் வாங்குங்கள், தருகிறோம். எங்களுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் பெரிதில்லை. செய்ததை ஒளிக்காமல் ஓட்டுவது பெரிது. ஒவ்வொரு முறை சோதனைக்குப் போகும்போதும் நல்ல பாகத்தைக் கழற்றி ஒளித்துவைத்து, பழையதை மாட்டி, வந்ததும் திரும்ப மாற்றும் இந்த விளையாட்டு எங்களுக்கு அவமானமாக இருக்கிறது.

அப்புறம், அந்த 50-ஐ 30 ஆக்குங்கள். முழு விலக்கு வேண்டாம், மலிவு வேண்டாம், தினம் ஓட்டும் உரிமைகூட இப்போதைக்கு வேண்டாம். 30 வயதுக் காருக்கு ஒரு பெயரும் ஒரு இடமும் கொடுத்தாலே, இரும்பு விலைக்குப் போகிற பல கார்களை யாராவது ஒருவர் காப்பாற்றி எடுத்துக்கொள்வார். அதனால் வாழும் கைகளும் இருக்கின்றன. கிண்டி அண்ணன் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஜெர்மன் வயரிங் படத்தை விரித்துவைத்து, எந்த மாட்யூலுக்கு எங்கிருந்து மின்சாரம் வருகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போய்க் கோளாறைச் சொல்வார். புதுப்பேட்டையில் குவிந்து கிடக்கும் பாகங்களுக்குள் பார்த்தவுடன் இது எந்த வருடத்து எந்த மாடல் என்று சொல்லும் பையன்கள் இருக்கிறார்கள். விற்பனையில் இல்லாத ஒரு புஷ்ஷை மாதிரி பார்த்துக் கடைந்து தரும் லேத் பட்டறைகள் அம்பத்தூரிலும் கோவையிலும் உண்டு. புதுக் கார் கெட்டால் மாட்யூலைக் கழற்றி எறிந்துவிட்டு இன்னொன்று மாட்டுகிறார்கள். இவர்கள் பழுது பார்க்கிறார்கள்.

என் காரின் பதிவு 2028 ஆகஸ்டு வரை இருக்கிறது. அன்று அதற்கு 20 வயது நிறைந்திருக்கும், நானும் கூடுதல் கட்டணத்தோடு வந்து நிற்பேன். அதற்குள் பின்பக்கப் புஷ்கள் மாற வேண்டும், வால்வு மூடியின் கேஸ்கெட் இப்போதே லேசாக வேர்க்கிறது, கியர்பெட்டி எண்ணெய்க்கும் நாள் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் பில் வைத்திருப்பேன். நான் போட்ட அந்த 17 அங்குல வீல்களோடுதான் வருவேன். வெல்டிங் வைத்தவற்றை எடைக்குப் போட்டாயிற்று. தரையில் விரிக்க ஒரு பாயும் நல்ல வெளிச்சமுள்ள ஒரு டார்ச்சும் நானே கொண்டுவருகிறேன். உங்கள் இன்ஸ்பெக்டருக்கு அன்று ஓர் அரைமணி நேரம் மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.

நன்றியுடன்,
2008 மாடல் இ90 ஒன்றின் உரிமையாளர்,
சென்னை.